பந்து போன பிறகு மூன்று நொடி

கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்தில் காலை 5.45 மணிக்கே பந்துச் சத்தம் கேட்க ஆரம்பித்துவிடும். நடைப்பயிற்சிக்காரர்கள் ஓரமாகச் சுற்றிக்கொண்டிருப்பார்கள். கிரிக்கெட் பையன்கள் நடுவில் ஸ்டம்பு நடுவார்கள். மிச்சமிருக்கிற இடத்தில் நாங்கள் கோன் வைப்போம். 9 வயதிலிருந்து 15 வயது வரையிலான பிள்ளைகள். பாதிப் பேர் தேவனாம்பட்டினம், சோனாங்குப்பம் பக்கம். மீதிப் பேர் திருப்பாதிரிப்புலியூர், புதுப்பாளையம், செம்மண்டலம். 12 வருடமாக இவர்களுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுக்கிறேன். பகலில் எனக்கு வேறு தொழில். ஆனால் காலையில் அந்த இரண்டு மணி நேரம் போகாத நாள் முழுவதும் எதையோ மறந்து வைத்துவிட்டு வந்தது போலவே இருக்கும்.

போன கோடையில் நடந்த ஒரு விஷயத்தைத்தான் எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

13 வயதுப் பையன். தேவனாம்பட்டினம். அப்பா விசைப்படகில் போகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பதால் அவர் ஊரில் இருந்தார், மகன் ஆடுவதைப் பார்க்க வந்திருந்தார். வெளியூர் அணியோடு ஒரு நட்பு ஆட்டம். இரண்டாவது பாதியில் பையனுக்கு இடது பக்கம் ஒரு சாதாரண பாஸ் வந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. பந்து அவன் காலுக்கு அடியில் புகுந்து போய்விட்டது. எதிரணிப் பையன் அதை எடுத்துக்கொண்டு ஓடினான். இவன் துரத்தினான். பந்தைத் துரத்தவில்லை, அந்தப் பையனைத் துரத்தினான். அவன் பந்தைத் தள்ளிக் கொடுத்துவிட்ட பிறகு, பின்னாலிருந்து கணுக்காலில் ஓர் உதை.

ரெஃப்ரி சிவப்பு அட்டை காட்டினார். பையன் ஜெர்சியைக் கழற்றித் தரையில் வீசினான். நான் கோட்டுக்கு வெளியிலிருந்து கத்தினேன். அவன் வெளியே வந்ததும் அவன் அப்பா எல்லோர் முன்னாலும் கன்னத்தில் அறைந்தார். பையன் அழவில்லை. வேலி ஓரமாகப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

அன்று இன்னொரு பையனின் அம்மா செல்பேசியில் ஆட்டத்தைப் பிடித்திருந்தார். ராத்திரி எனக்கு அனுப்பினார். அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். பந்து காலுக்கு அடியில் போகிறது. பையன் முதலில் பார்ப்பது பந்தை இல்லை. என்னைப் பார்க்கிறான். அந்த நேரத்தில் என் குரல் கேட்கிறது: “என்னடா பண்ற!” அப்புறம் தலையைத் திருப்பி அவன் அப்பாவைப் பார்க்கிறான். அவரும் எதையோ கத்துகிறார். அதற்குப் பிறகுதான் ஓட ஆரம்பிக்கிறான். பந்து போனதிலிருந்து ஓட்டம் தொடங்குவது வரை மூன்று நொடி இருக்கும். அந்த மூன்று நொடியில் அவனுக்குக் கிடைத்தது இரண்டு பெரிய மனிதர்களின் கோபம்தான். அதை எங்கே கொண்டுபோய் இறக்குவான்? முன்னால் ஓடுகிறவன் காலில் இறக்கினான்.

அந்த வீடியோவின் 20 நிமிடத்தில் என் குரல் “என்னடா பண்ற” என்று 17 முறை கேட்கிறது. எண்ணினேன். அந்த 17 முறையில் ஒரு முறைகூட எந்தப் பையனுக்கும் என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை.

பிள்ளைகளின் கோபத்தைப் பற்றி நாம் பேசும்போது அதைக் குணமாகவே பேசுகிறோம். “இவனுக்குக் கோபம் ஜாஸ்தி”, “அவங்க அப்பா மாதிரி”. நானும் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். வீடியோவைப் பார்த்த பிறகு பழைய ஆட்டங்களையெல்லாம் ஞாபகப்படுத்திப் பார்த்தேன். எங்கள் பிள்ளைகள் செய்த முரட்டு ஃபவுல்களில் பெரும்பாலானவை அவர்களே பந்தை விட்டுவிட்ட அடுத்த கணத்தில் நடந்தவை. ட்ராப், அதாவது வருகிற பந்தைக் காலில் வாங்கி நிறுத்துவது, சரியாக விழாத பையன்தான் அதிகம் சண்டை போடுகிறான். பந்து காலில் நிற்கிறவனுக்குச் சண்டை போட நேரமில்லை. அதனால் ட்ராப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

கடற்கரைப் பிள்ளைகளின் ஆட்டத்தைச் சில்வர் பீச் பக்கம் சாயங்காலம் போனால் பார்க்கலாம். மணலில் பந்து உருளாது. அதனால் அவர்கள் பந்தைக் கிளப்பி ஆடுவார்கள், காலின் நுனியால் தூக்கிவிடுவதில் கெட்டிக்காரர்கள். மணலில் ஓடி ஓடிக் கெண்டைக்கால் இரும்பு மாதிரி இருக்கும். ஆனால் மணலுக்கு ஒரு தாராள குணம் உண்டு. உங்கள் கால் செய்யாத வேலையை அது செய்துவிடும். வேகமாக வருகிற பந்தை மணலே நிறுத்திக் கொடுத்துவிடும். மைதானத்தின் கட்டாந்தரை அப்படி இல்லை. பந்து குதித்துக்கொண்டு வரும், சின்னக் கல்லில் பட்டுத் திசை மாறும். மணலில் ராஜாவாக இருந்த பையன் இங்கே வந்ததும் பந்து காலில் பட்டு இரண்டு கஜம் தள்ளிப் போகிறது. அவனுக்கு அது அவமானம். யாரும் அவனுக்கு அது தரையின் வித்தியாசம் என்று சொல்வதில்லை. நான் சொல்லாமல் விட்டிருந்தேன்.

கட்டடம் கட்டுகிற இடத்தில் செங்கல் தூக்கிப் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். கீழே இருக்கிறவர் வீசுவார், சாரத்தில் நிற்கிறவர் பிடிப்பார். பிடிக்கிறவர் கையை விறைப்பாக நீட்டிக்கொண்டு நிற்க மாட்டார். கல் கையில் படுகிற நேரத்தில் கை அதோடு சேர்ந்து கொஞ்சம் பின்வாங்கும். கல்லின் வேகத்தைக் கை வாங்கிக்கொள்ளும். ட்ராப் என்பதும் அதேதான். பாதத்தின் உள்பக்கத்தைப் பந்துக்குக் காட்டு, கணுக்காலைப் பூட்டிக்கொள், முழங்காலை லேசாக மடக்கு, பந்து படும்போது காலைப் பின்னால் இழு. இதைச் சொன்னதும் எங்கள் பிள்ளைகளில் ஒருவன், அப்பா கொத்தனார், “அப்ப காலும் கை மாதிரியா சார்?” என்று கேட்டான். ஆமாம் என்றேன். மறுநாள் அவன்தான் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான்.

பந்து நின்ற இடமும் முக்கியம். காலுக்கு நேர் கீழே செத்த பந்தாக நின்றால் அதை அடுத்து அசைக்க ஒரு நொடி வீணாகும். முதல் தொடுதலே அடுத்து ஓட வேண்டிய பக்கம் அரை அடி தள்ளி விழ வேண்டும். அதற்குப் பந்து வருவதற்கு முன்பே எந்தப் பக்கம் காலி என்று தெரிந்திருக்க வேண்டும். நார்வேயைச் சேர்ந்த கெயிர் யோர்டெட் என்ற ஆய்வாளர் இங்கிலாந்து பிரீமியர் லீக் ஆட்டக்காரர்களின் வீடியோக்களை வைத்து, பந்து வருவதற்கு முந்தைய சில நொடிகளில் யார் எத்தனை முறை தலையைத் திருப்பிச் சுற்றிப் பார்க்கிறார்கள் என்று எண்ணினார். இங்கிலாந்தின் நடுக்கள ஆட்டக்காரர்கள் லாம்பார்டும் ஜெரார்டும் முன்வரிசையில் வந்தார்கள். அதிகம் திரும்பிப் பார்ப்பவர்களின் பாஸ்கள்தான் அதிகமாகச் சரியாகப் போய்ச் சேர்ந்தன. எங்கள் பையன்களுக்கு இதைச் சொல்லிவிட்டு ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். பாஸ் வரும்போது நான் பின்னால் நின்று விரலை நீட்டுவேன், வாங்குகிறவன் திரும்பிப் பார்த்து எத்தனை விரல் என்று சொல்லிவிட்டுத்தான் பந்தைத் தொட வேண்டும். முதல் வாரம் பந்தும் போகும், விரலும் தெரியாது. ஒரு மாதத்தில் இரண்டும் வரும். இதில் எனக்குக் கிடைத்த இன்னொரு லாபம், சுற்றிப் பார்க்கிற பையன் பதறுவதில்லை. பதற்றம் பெரும்பாலும் முதுகுக்குப் பின்னாலிருந்துதான் வருகிறது.

இடது கால் பற்றிச் சொல்லவே வேண்டாம். நம் பிள்ளைகள் இடது காலை நிற்பதற்கு மட்டுமே வைத்திருக்கிறார்கள். வீட்டுச் சுவரில் தினமும் இடது காலால் 100 பாஸ். மைதானம் குளமாகிவிடுகிற ஐப்பசி கார்த்திகையில்கூட இதற்கு ஒரு சுவர் போதும். 12 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு 4ஆம் எண் பந்துதான் தருகிறேன். பெரியவர்களின் 5ஆம் எண் பந்து 410 முதல் 450 கிராம் எடை. சின்னக் கால் அதோடு மல்லுக்கட்டினால் உதைக்கிற முறையே கெட்டுவிடும். “ஹெட்டிங் எப்ப சார் சொல்லிக்கொடுப்பீங்க?” என்று அப்பாக்கள் கேட்பார்கள். இங்கிலாந்து கால்பந்துச் சங்கம் 2020இல் தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சியில் ஹெட்டிங், அதாவது பந்தைத் தலையால் முட்டுவது, வேண்டாம் என்று வழிகாட்டியது. நானும் அந்த வயதில் சொல்லிக்கொடுப்பதில்லை. இதில் விட்டுக்கொடுக்கிற எண்ணம் இல்லை.

சரி, காலுக்கு வேலை கற்றுக்கொடுத்தால் மனசு தானாக அடங்கிவிடுமா? அப்படியும் சொல்ல முடியாது.

2006 ஜூலை 9ஆம் தேதி பிரான்ஸும் இத்தாலியும் மோதிய உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தைப் புதுச்சேரியில் ஒரு நண்பர் வீட்டில் பார்த்தேன். அவர் குடும்பத்தில் பிரெஞ்சு குடியுரிமை உள்ளவர்கள். வீடு முழுக்க நீல ஜெர்சி. நம் ஊர் நேரத்துக்கு ராத்திரி 11.30க்கு ஆட்டம் ஆரம்பித்தது. ஏழாவது நிமிடத்தில் பிரான்ஸ் கேப்டன் ஜிதான் பெனால்டி அடித்தார். வேகமாக அடிக்கவில்லை. மெல்லக் கிளப்பிவிட்டார். பந்து மேல்கம்பத்தின் அடியில் பட்டுக் கோட்டைத் தாண்டி விழுந்தது. உலகக் கோப்பை இறுதியில், பஃபான் மாதிரி ஒரு கோலிக்கு எதிராக, அப்படி அடிக்க எவ்வளவு நிதானம் வேண்டும்! அதே மனிதர், அதே ராத்திரி, கூடுதல் நேரத்தில் 110ஆவது நிமிடத்தில் இத்தாலி வீரர் மாட்டராஸியின் நெஞ்சில் தலையால் முட்டிச் சிவப்பு அட்டை வாங்கினார். அதுதான் அவருடைய கடைசி ஆட்டம். டைபிரேக்கரில் இத்தாலி 5-3 என்று ஜெயித்தது. நண்பரின் பாட்டி அவர் வெளியே நடந்து போவதைப் பார்த்துவிட்டு, “பாவம், புள்ள களைச்சுப் போயிட்டான்” என்றார். வீட்டில் எல்லோரும் கோபமாக இருந்தபோது அந்தம்மா மட்டும் சொன்னது அது.

அந்த வார்த்தை என்னைவிட்டுப் போகவில்லை. ஏழாவது நிமிடத்தின் ஜிதானுக்கும் 110ஆவது நிமிடத்தின் ஜிதானுக்கும் திறமையில் வித்தியாசம் இல்லை. களைப்பு கூடியிருந்தது, தோள்பட்டையில் அடிபட்டிருந்தது, ஒருவன் விடாமல் பேசிக்கொண்டிருந்தான். நாம் பிள்ளைகளுக்கு ஒழுக்கத்தைப் பற்றிப் பேசுவது எப்போது? பயிற்சி ஆரம்பிக்கும் முன்னால், வரிசையில் உட்காரவைத்து, எல்லோரும் தெம்பாக இருக்கும்போது. அப்போது யாருக்கும் கோபம் வருவதில்லை. “சரி சார்” என்று தலையாட்டுவார்கள். 50ஆவது நிமிடத்தில், நாக்கு வறண்டு, கடலூர் வெயிலில் வேர்வை கண்ணில் இறங்கும்போது அந்தப் பேச்சில் ஒரு சொல்கூட ஞாபகம் வராது.

என் 16ஆவது வயதில் எனக்கும் வரவில்லை. ஒரு போட்டியின் அரையிறுதி. எங்கள் பயிற்சியாளர் ஆட்டம் முழுக்க என்னை மட்டுமே திட்டிக்கொண்டிருந்தார். அம்மாவை இழுத்துத் திட்டுகிற வார்த்தைகள். தண்ணீர் இடைவேளையில் தலையில் குட்டினார். கடைசிப் பத்து நிமிடத்தில் ஒருவன் என் சட்டையைப் பிடித்து இழுத்தான், நான் முழங்கையால் இடித்தேன், வெளியே அனுப்பப்பட்டேன். பத்துப் பேரோடு ஆடி எங்கள் அணி தோற்றது. அதற்குப் பிறகு இரண்டு வருடம் பந்தைத் தொடவில்லை. அந்த மனிதர் பெயரை எழுத விருப்பமில்லை. ஆனால் வீடியோவில் என் குரலைக் கேட்ட ராத்திரி, அதில் அவர் குரலின் சாயல் இருந்தது எனக்குத் தெரிந்தது. வார்த்தைதான் வேறு.

அதனால் முதலில் நான் வாயை அடக்க வேண்டியிருந்தது. பந்து ஆட்டத்தில் இருக்கும்போது செய்ய வேண்டியதை மட்டும் சொல்வது என்று வைத்துக்கொண்டேன். “திரும்பு”, “விடு”, “ஆள் வர்றான்”. அவ்வளவுதான். தப்பு நடந்தால் அந்த மூன்று நொடி நான் ஒன்றும் பேசுவதில்லை. இது பெரிய கஷ்டம். கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். இப்போதும் மாதத்தில் ஒரு நாள் தவறிவிடுகிறது, அன்று பயிற்சி முடிந்ததும் அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன்.

அப்பாக்களிடம் பேசுவது அடுத்த வேலை. தடைக்காலத்தில் கோட்டோரம் பத்துப் பதினைந்து பேர் நிற்பார்கள். கடலில் இன்ஜின் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசிப் பழகிய குரல்கள். “ஏறி அடிடா! விடாதடா!” பாசத்தில்தான் கத்துகிறார்கள். அறைந்த அந்த அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்து அந்த வீடியோவைக் காட்டினேன். என் குரலை முதலில் கேட்கச் சொன்னேன், அப்புறம் அவர் குரலை. ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். “வலை கிழிஞ்சா நாங்க யாரையும் திட்டுறதில்ல சார். கரைக்கு வந்து உக்காந்து பின்னுவோம். இவன்கிட்ட மட்டும் ஏன் இப்படிப் பண்றேன்னு தெரியல” என்றார். நான் அவருக்குச் சொல்ல நினைத்து வைத்திருந்ததையெல்லாம் சொல்லத் தேவையில்லாமல் போய்விட்டது.

பையனுக்கு அந்த மூன்று நொடியில் செய்ய ஏதாவது ஒரு வேலை கொடுக்க வேண்டும். முதலில் மூச்சை இழுத்துவிடச் சொன்னேன். வேலைக்கு ஆகவில்லை, பந்து நிற்பதில்லையே. அப்புறம் பத்து எண்ணச் சொன்னேன், அதற்குள் எதிரணி கோல் போட்டுவிடும். வழி கபடியிலிருந்து வந்தது. எங்கள் மாவட்டத்தில் கபடி ஆடாத ஊர் குறைவு. பாடிப் போகிறவன் களத்தில் இறங்கும்போது குனிந்து மண்ணைத் தொடுவான். பிள்ளைகள் எல்லோருக்கும் அது தெரியும், கைக்கு அது பழக்கம். “பந்து போச்சுன்னா மண்ணைத் தொடு, நம்ம கோல் பக்கம் மூணு அடி ஓடு” என்றேன். குனிந்து நிமிர ஒரு நொடி. குனியும்போது யார் முகமும் கண்ணில் படாது, என் முகமும் அப்பா முகமும். நிமிரும்போது உடம்பு சரியான திசையில் இருக்கும்.

இதைத் தெம்பாக இருக்கும்போது பழக்குவதில்லை. பயிற்சியின் கடைசி இருபது நிமிடம், எல்லோரும் களைத்த பிறகு, நாலு பேருக்கு எதிராக ஆறு பேர் ஆட்டம் வைப்பேன். நாலு பேர் பக்கம் கட்டாயம் பந்து போகும். வேண்டுமென்றே தப்பாக விசில் ஊதுவேன், நியாயமான கோலைத் தரமாட்டேன். முதல் தடவை ரகளை. ரெஃப்ரியோடு வாதாடினால் மஞ்சள் அட்டை என்று விதியே இருக்கிறது. அட்டைகள் வந்த கதையையும் அப்போது சொன்னேன். 1966 உலகக் கோப்பையில் இங்கிலாந்து, அர்ஜென்டினா ஆட்டத்தில் யாரை எச்சரித்தார்கள் என்றே ஆட்டக்காரர்களுக்குப் புரியாத குழப்பம். அதற்குப் பிறகு கென் ஆஸ்டன் என்ற நடுவர் அதிகாரி லண்டனில் கார் ஓட்டிக்கொண்டு போகும்போது சிக்னல் விளக்கைப் பார்த்து யோசித்ததுதான் மஞ்சளும் சிவப்பும். 1970இல் மெக்சிகோ உலகக் கோப்பையில் வந்தது. பிள்ளைகளுக்கு இந்தக் கதை ரொம்பப் பிடித்துவிட்டது. இப்போது யாராவது முறைத்தால் மற்றவர்கள் “சிக்னல், சிக்னல்” என்கிறார்கள்.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எங்களிடம் 11 பேர் வருகிறார்கள். கடலூரில் பிறந்து இந்திய அணியின் நடுக்களத்தில் ஆடிய இந்துமதி கதிரேசனை அவர்களுக்குத் தெரியும். அவர் தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர் என்பதும் தெரியும். 2018இல் தமிழ்நாட்டுப் பெண்கள் அணி மணிப்பூரை ஜெயித்து முதல் முறையாக தேசியப் பட்டம் வாங்கியதையும் சொல்லியிருக்கிறேன். இவர்கள் கோபப்பட்டு உதைப்பதில்லை. பந்து போனால் “சாரி” என்பார்கள். ஒருத்தி அரை மணி நேரத்தில் பத்துப் பதினைந்து சாரி சொல்வாள். அடுத்து என்ன நடக்கும் என்றால், எதிரணி ஆளுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். பாஸ் கேட்க மாட்டாள். பார்த்தால் ஓடிக்கொண்டிருப்பது போலத்தான் இருக்கும். ஆனால் ஒளிந்து ஆடுகிறாள். நெடுநாள் இதை நான் அடக்கம் என்று நினைத்தேன். பையன் உதைப்பதும் இவள் ஒளிவதும் ஒரே காரணத்தால்தான் என்று புரிய எனக்கு வருடங்கள் ஆயின. இவர்களுக்கு விதி வேறு. மண்ணைத் தொட்டதும் கோல் பக்கம் ஓடினால் மட்டும் போதாது, அடுத்த முறை நம் அணிக்குப் பந்து வந்ததும் கையைத் தூக்கி “எனக்கு” என்று சத்தமாகக் கேட்க வேண்டும். அந்த ஒரு சொல்லைச் சத்தமாகச் சொல்ல ஒரு பிள்ளைக்கு மூன்று மாதம் ஆனது. சொன்ன அன்று எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

இன்னொன்றையும் கவனிக்காமல் விட்டிருந்தேன். வயதுப் பிரிவு ஜனவரி 1இல் ஆரம்பிக்கிறது. ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவு. 12 வயதில் பதினொரு மாத வித்தியாசம் என்பது பாதித் தலை உயரம். சின்னவன் அதிகம் பந்தை விடுவான், அதிகம் திட்டு வாங்குவான், ஒரு நாள் வராமல் நின்றுவிடுவான். உலகம் முழுக்க இளையோர் அணிகளில் வருட ஆரம்பத்தில் பிறந்தவர்கள் அதிகம் இருப்பதை ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். இப்போது என் நோட்டில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் பிறந்த மாதம் எழுதியிருக்கிறேன். அந்தப் பையனுடையதைப் பார்த்தேன். நவம்பர்.

அவன் சிவப்பு அட்டைக்குப் பிறகு ஒன்பது நாள் வரவில்லை. பத்தாவது நாள் அவன் அப்பாவே சைக்கிளில் கூட்டிவந்து விட்டார். மற்றவர்கள் முன்னால் நான் எதுவும் பேசவில்லை. சுவர்ப் பக்கம் கூட்டிப்போய், இடது கால் ட்ராப் மட்டும் அரை மணி நேரம். பேச்சே இல்லை, பந்துச் சத்தம்தான்.

இந்த ஜனவரியில் புதுச்சேரிக்கு ஓர் ஆட்டத்துக்குப் போனோம். 3-1 என்று தோற்றோம். முதல் கோல் அவன் விட்ட பந்திலிருந்துதான் விழுந்தது. அதேபோல இடது பக்கம் வந்த பாஸ், அதேபோல அடியில் புகுந்தது. நான் கையைக் கட்டிக்கொண்டேன். அவன் குனிந்து மண்ணைத் தொட்டான். ஓடினான். எட்டவில்லை, கோல் விழுந்துவிட்டது. வலைக்குள் கிடந்த பந்தை அவனே எடுத்து நடுக்கோட்டுக்குக் கொண்டுவந்து வைத்தான். இரண்டாவது பாதியில் அவனை யாரோ தள்ளிவிட்டபோது எழுந்து முறைத்துக்கொண்டு நின்றான். ஒரு நிமிடம் எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. அப்புறம் திரும்பி நடந்துவிட்டான்.

திரும்பி வரும் பேருந்தில் பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்தான். அரியாங்குப்பம் தாண்டும் வரை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தான்.

“சார், லெஃப்ட் ட்ராப் இன்னும் வரல.”

“ஆமாடா.”

“நாளைக்கு அஞ்சே காலுக்கு வரட்டுமா? பந்துப் பையை என்கிட்ட கொடுத்து விடுங்க.”

பையை அவன் மடியில் வைத்தேன். ஊர் வந்து இறங்குவதற்குள் அதன் மேல் தலை சாய்த்துத் தூங்கிவிட்டான்.